ஓர் அறை, ஐந்து வேலை

இரவு ரயிலில் பயணம் செய்திருக்கிறீர்களா? மூன்றடுக்குப் படுக்கைப் பெட்டியில் ஏறியதும் முதலில் கண்ணில் படுபவை எதிரெதிரான இரண்டு நீண்ட இருக்கைகள். ஒவ்வொன்றிலும் மூன்று பேர் உட்காரலாம். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம், அரட்டை அடிக்கிறோம், ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறோம். மணி பத்தானதும், அதுவரை முதுகுக்குச் சாய்மானமாக இருந்த பலகை மேலே எழுகிறது. இரண்டு சங்கிலிகளில் மாட்டினால் அதுவே நடுப் படுக்கை! ஆறு பேர் நெருங்கி உட்கார்ந்திருந்த அதே இடத்தில் இப்போது ஆறு பேர் கால் நீட்டிப் படுத்துவிடுகிறார்கள். பெட்டி ஓர் அங்குலம்கூடப் பெரிதாகவில்லை.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் நடுப் படுக்கையை விரிக்கலாம் என்று ரயில்வேயில் ஒரு விதி உண்டு. ஏன் இப்படி ஒரு விதி? ஒரே பலகை ஒரே சமயத்தில் சாய்மானமாகவும் படுக்கையாகவும் இருக்க முடியாது. இடத்தைப் பங்கு போட வேண்டுமானால் நேரத்தையும் பங்கு போட்டாக வேண்டும். இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வருவோம்.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் மாடியில் ஒரு சமையலறை, ஒரு குளியலறை, 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட ஒரே கூடம். அப்பா, அம்மா, தாத்தா, பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா, ஆறாம் வகுப்புப் படிக்கும் தம்பி என ஐந்து பேர். வந்தவர்கள் உட்காருவதும், எல்லோரும் சாப்பிடுவதும், அம்மா தையல் இயந்திரம் மிதிப்பதும், பிள்ளைகள் படிப்பதும், இரவில் அனைவரும் தூங்குவதும் அந்தக் கூடத்தில்தான். அக்காவுக்குப் பொதுத்தேர்வு வருகிறது. இரவு பதினொரு மணி வரை விளக்கு எரிய வேண்டும். தாத்தாவுக்கு ஒன்பது மணிக்கே கண் செருகும். விளக்கு எரிந்தால் தூக்கம் வராது. வீட்டைச் செப்பனிடச் சிறிது பணம் சேர்ந்திருக்கிறது. கூடத்தின் நடுவே ஒரு சுவர் எழுப்பி, அக்காவுக்குத் தனி அறை கொடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. சுவர் எழுப்பலாமா, கூடாதா?

பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் அளந்து பார்ப்போம்.

சதுர அடி மணி

மின்சாரத்தைக் கிலோவாட் மணியில் அளக்கிறோம். அதாவது திறனை நேரத்தால் பெருக்குகிறோம். அதேபோல் பரப்பை நேரத்தால் பெருக்கினால் என்ன? நம் கூடத்தின் பரப்பு 120 சதுர அடி. ஒரு நாளைக்கு 24 மணி. 120 × 24 = 2,880. ஆக, இந்தக் கூடம் நமக்கு நாள்தோறும் 2,880 ‘சதுர அடி மணி’ தருகிறது. இந்த அலகை எந்தப் பாடப்புத்தகத்திலும் தேடாதீர்கள். நம் கட்டுரைக்காக நாமே வைத்துக்கொண்டது.

கூடத்தின் ஒரு மூலையில் 6 அடிக்கு 4 அடி கட்டில் ஒன்று கிடக்கிறது. அதன் பரப்பு 24 சதுர அடி. ஒரு நாளில் அது எடுத்துக்கொள்வது 576 சதுர அடி மணி. தாத்தா அதில் எட்டு மணி நேரம் தூங்குகிறார். உண்மையில் பயன்பட்டது 192. மீதி 384, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, வெறுமனே போயிற்று. (கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியும் அரிசி மூட்டையும் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். நியாயம்தான். அவற்றின் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.)

கோரைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 6 அடிக்கு 2½ அடி, அதாவது 15 சதுர அடி. ஐந்து பேருக்கு 75 சதுர அடி. கூடத்தில் பாதிக்கு மேல். ஆனால் விடிந்ததும் சுருட்டி மூலையில் நிறுத்தினால், ஐந்து பாயும் சேர்ந்து ஒன்றேகால் சதுர அடியில் அடங்கிவிடும். இரவில் 75, பகலில் ஒன்றேகால்! இத்தனை சுருங்கும் மரச்சாமான் எதையும் இதுவரை நான் கண்டதில்லை. நம் பழைய வீடுகளின் கூடம் பகலில் பந்திக்கும் இரவில் படுக்கைக்கும் தாராளமாக இடம் கொடுத்ததற்குக் காரணம் கூடத்தின் அளவு மட்டுமல்ல. உட்காரப் பலகை, உண்ண இலை, உறங்கப் பாய், குழந்தைக்குத் தூளி என்று எல்லாமே வேலை முடிந்ததும் விலகிக்கொள்ளும் பொருள்களாக இருந்தன.

ஜப்பானியர் இதை இன்னும் ஒழுங்காகச் செய்தார்கள். அவர்களுடைய தத்தாமி பாய் ஏறத்தாழ 180 செ.மீ. நீளமும் 90 செ.மீ. அகலமும் கொண்டது. அறையின் அளவையே பாய்க் கணக்கில்தான் சொல்வார்கள்: நாலரைப் பாய் அறை, ஆறு பாய் அறை என்று. ஆனால் அந்தப் பாயைச் சுருட்டுவதில்லை, அதுதான் தரை. இரவில் அதன்மேல் மெத்தை விரிப்பார்கள். காலையில் மெத்தை மடிந்து சுவர் அலமாரிக்குள் போய்விடும். பிறகு குட்டையான மேசை ஒன்று நடுவே வரும். அறைகளுக்கு நடுவே காகிதமோ துணியோ ஒட்டிய இழுப்புக் கதவுகள். நான்கு கதவுகளையும் கழற்றிவிட்டால் இரண்டு அறை ஒரே கூடமாகிவிடும்.

இழுப்புக் கதவு என்றதும் இன்னொரு கணக்கு. 3 அடி அகலக் கதவு ஒன்று உட்புறமாகத் திறக்கும்போது தரையில் ஒரு கால் வட்டத்தை வரைகிறது. அந்தக் கால் வட்டத்தின் பரப்பு 3.14 × 3 × 3 ÷ 4, அதாவது ஏறக்குறைய 7 சதுர அடி. அந்த இடத்தில் நாற்காலி போட முடியாது, பானை வைக்க முடியாது. ஒரு கதவுக்காக 7 சதுர அடி! கதவு பக்கவாட்டில் நகர்ந்தாலோ, வெளிப்புறமாகத் திறந்தாலோ அந்த 7 சதுர அடியும் நமக்குத் திரும்பக் கிடைக்கும்.

சுவரே நகர்ந்த வீடு

ஹாலந்து நாட்டில் உத்ரெக்த் என்று ஓர் ஊர். அங்கே 1923-ஆம் ஆண்டில் கணவரை இழந்த துரூஸ் ஷ்ரோடர் என்ற பெண்மணி, தம் மூன்று குழந்தைகளுடன் வாழ ஒரு சிறிய வீடு கட்ட எண்ணினார். கெரிட் ரீத்வெல்ட் என்பவரை அழைத்தார். ரீத்வெல்ட் அடிப்படையில் ஒரு தச்சர். அதுவரை நாற்காலி, மேசை செய்து பேர் வாங்கியவர். ‘குழந்தைகள் என்னோடு ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அதே சமயம் அவரவருக்குத் தனி இடமும் வேண்டும்’ என்பது அந்தத் தாயின் விருப்பம். எந்த வீட்டிலும் எழும் முரண்பாடு இது!

1924-இல் கட்டி முடித்த வீட்டின் மேல்மாடியில் நிலையான உட்சுவர்கள் அநேகமாக இல்லை. தரையிலும் கூரையிலும் தடங்கள் அமைத்து, அவற்றில் பலகைகளை ஓடவிட்டார்கள். பகலில் பலகைகளை ஒதுக்கிவிட்டால் மாடி முழுவதும் ஒரே கூடம். இரவில் இழுத்து மூடினால் குழந்தைகளுக்கும் தாய்க்கும் தனித்தனி அறை. அறைகளில் கை கழுவத் தொட்டியும் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்நாளைய கட்டட விதிகள் இப்படி நகரும் சுவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. ஆகவே நகராட்சிக்குக் கொடுத்த வரைபடத்தில் மேல்மாடியைச் சாமான் போடும் மச்சு என்று காட்டி அனுமதி வாங்கினார்களாம்! ஷ்ரோடர் அம்மையார் 1985-இல் காலமாகும் வரை அந்த வீட்டிலேயே வாழ்ந்தார். 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. இன்று அது ஒரு காட்சியகம்.

இரண்டு டன் சுவர்

இனி நம் அப்பாவின் சுவருக்கு வருவோம். வீடுகளில் தடுப்புச் சுவர் என்றால் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல் சுவர். கூடத்தின் குறுக்கே 10 அடி நீளம், 10 அடி உயரம் என்று எழுப்பினால் அதன் கன அளவு 10 × 10 × 0.375 = 37.5 கன அடி, ஏறக்குறைய 1.06 கன மீட்டர். ஒரு கன மீட்டர் செங்கல் கட்டுமானத்தின் எடை சுமார் 1,900 கிலோ. பெருக்கிப் பாருங்கள். 2,000 கிலோ வருகிறதா? பூச்சு வேலை இதில் சேரவில்லை. இரண்டு டன்னுக்குக் குறையாத எடை ஒரே கோட்டில், கூடத்தின் நடுவே, கான்கிரீட் தளத்தின்மேல் உட்காரப் போகிறது.

தளம் தாங்காதா என்று கேட்கலாம். வீட்டுத் தளங்களைக் கணக்கிடும்போது, மனிதர்கள், மேசை நாற்காலிகள் போன்றவற்றுக்காக ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று பொறியாளர்கள் வைத்துக்கொள்கிறார்கள். நம் கூடம் ஏறத்தாழ 11 சதுர மீட்டர். மொத்தம் 2,200 கிலோ. ஆக, அந்தச் சுவர் ஒன்றே அத்தனை ஒதுக்கீட்டையும் விழுங்கிவிடும் போலிருக்கிறது! கீழே அதே கோட்டில் ஒரு சுவரோ உத்தரமோ இருந்தால் கதை வேறு. இல்லையென்றால் தளத்தில் விரிசல் விழலாம். அதைவிட மோசமாகவும் ஆகலாம். பொறியாளர் ஒருவர் வந்து பார்க்காமல் மாடியில் புதிய சுவர் கட்டக் கூடாது.

இதற்கு நேர்மாறான ஆசையும் சிலருக்கு வரும். இரண்டு சிறிய அறைகளுக்கு நடுவே இருக்கும் சுவரை இடித்துவிட்டால் பெரிய கூடம் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும், கூரையும் கூடவே வரலாம். கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் கொண்ட வீட்டில் எடையைத் தூண்கள் சுமக்கின்றன. நடுச்சுவர் வெறும் தடுப்பு. தூண்கள் இல்லாத வீட்டில் சுவர்களே கூரையைத் தாங்குகின்றன. எந்தச் சுவர் எந்த வகை என்பதைத் தட்டிப் பார்த்தோ தடிமனைப் பார்த்தோ அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. ஒன்பது அங்குலச் சுவர்தான் தாங்கும், நாலரை அங்குலம் தாங்காது என்று மேஸ்திரிகள் பொதுவாகச் சொல்வதுண்டு. பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்த ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பிக் கடப்பாரையைத் தூக்க முடியுமா?

காற்று எங்கே போயிற்று?

தளம் தாங்கும் என்றே வைத்துக்கொள்வோம். கூடத்துக்குத் தெருப் பக்கம் 4 அடிக்கு 3 அடியில் ஒரே ஒரு ஜன்னல். குறுக்கே சுவர் வந்தால் முன் பாதிக்கு ஜன்னல் கிடைக்கும். பின் பாதிக்கு? ஒன்றுமில்லை.

நாம் மூச்சு விடும்போது கரியமில வாயு வெளிவருகிறது. தூங்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 12 லிட்டர் கரியமில வாயுவை வெளியிடுகிறார். ஐந்து பேருக்கு 60 லிட்டர். நம் கூடத்தின் கொள்ளளவு 12 × 10 × 10 = 1,200 கன அடி, அதாவது சுமார் 34,000 லிட்டர். வெளிக்காற்றில் கரியமில வாயு 0.04 சதவிகிதத்தைச் சற்றே தாண்டியிருக்கிறது. அறைக்குள் அது 0.1 சதவிகிதத்தைத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள் கொள்வது வழக்கம். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கி மூடினால் அந்த அளவை எட்ட எத்தனை நேரம் ஆகும்? 34,000 லிட்டரில் 0.06 சதவிகிதம் 20 லிட்டர். மணிக்கு 60 லிட்டர் என்றால் 20 நிமிடம்! எட்டு மணி நேரத்தில் 480 லிட்டர் சேரும். அது கிட்டத்தட்ட 1.4 சதவிகிதம். வெளிக்காற்றைப் போல முப்பது மடங்குக்கு மேல். நல்லவேளையாக, உண்மையான வீட்டில் கதவிடுக்குகள் வழியே காற்று கசிந்துகொண்டே இருப்பதால் இவ்வளவு தூரம் போவதில்லை. ஆனாலும் காலையில் எழும்போது தலை கனப்பதற்கும், படிக்க உட்கார்ந்தால் கொட்டாவி வருவதற்கும் காரணம் புரிகிறதல்லவா? தூங்கும் ஒவ்வொருவர் உடலும் 70, 80 வாட் வெப்பத்தையும் வெளிவிடுகிறது. ஐந்து பேர் என்றால், ஐந்து குண்டு பல்புகளை இரவு முழுக்க எரிய விட்டது போல! மின்விசிறி இந்தக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். புதுக்காற்றைக் கொண்டுவருவது அதன் வேலையல்ல.

இந்தியாவின் தேசியக் கட்டட நெறிமுறைகள் இதைப் பற்றித் தெளிவாகப் பேசுகின்றன. ஈரமும் வெப்பமும் மிகுந்த கடற்கரைப் பகுதிகளில், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது ஜன்னல் முதலிய திறப்புகள் வேண்டும். நம் கூடத்துக்கு 20 சதுர அடி. இருப்பதோ 12. வீட்டில் வசிக்கும் அறை ஒன்றே ஒன்றுதான் என்றால், அது 9.5 சதுர மீட்டருக்கும் குறையக் கூடாது, அகலம் 2.4 மீட்டருக்கும் குறையக் கூடாது என்றும் அதே நெறிமுறை சொல்கிறது. நம் கூடத்தைப் பாதியாக்கினால் ஒவ்வொன்றும் 5.6 சதுர மீட்டர்; அகலம் 1.8 மீட்டர்தான். சுவர் கட்டினால் ஓர் அறை இரண்டு அறைகள் ஆகாது. இரண்டு அலமாரிகள் ஆகிவிடும்!

ஒலிக்கு ஒரு நியாயம், காற்றுக்கு ஒரு நியாயம்

சுவர் வேண்டாம், திரைச்சீலை போட்டுவிடலாம் என்பார் அம்மா. திரை பார்வையை மறைக்கும், ஒலியைத் தடுக்காது. இங்கே இரண்டு செயல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒலியை உறிஞ்சுவது வேறு, மறிப்பது வேறு.

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரை மண்டபத்தில் பேசினால் ஒன்றுமே விளங்கவில்லை. ஒரு சொல்லின் ஒலி ஐந்து விநாடிக்கு மேல் அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது! அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியர் தலையில் விழுந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகத் தூக்கி வந்து, ஒவ்வொன்றாகப் பரப்பி, எதிரொலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பப் போய்விட வேண்டும்! மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. கட்டட ஒலியியல் என்ற துறை இப்படித்தான் பிறந்தது. திரையும் பாயும் தலையணையும் செய்வது இந்த வேலையைத்தான். அறைக்குள் ஒலி எதிரொலிப்பதைக் குறைக்கும். மறுபக்கம் போவதைத் தடுப்பது மிகக் கொஞ்சம்.

ஒலியை மறிக்க எடை வேண்டும். தடுப்பின் எடையை இருமடங்காக்கினால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும் என்பது பொதுவான விதி. ஆகவே செங்கல் சுவர் நன்றாக மறிக்கிறது. ஒட்டுப்பலகை அரைகுறையாக மறிக்கிறது. உத்ரெக்த் வீட்டின் நகரும் பலகைகளும் கண்ணுக்குத்தான் சுவர், காதுக்கு அல்ல. இன்னொரு சங்கடமும் உண்டு. தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும் போதும். மீதி எவ்வளவு கனமான சுவராக இருந்தாலும் 20 டெசிபெல்லுக்கு மேல் ஒலி குறையாது. நம் 100 சதுர அடிச் சுவரில் ஒரே ஒரு சதுர அடி ஓட்டை! காற்றுக்காக மேலே இடைவெளி விட்டால் ஒலியும் அதன் வழியே வந்துவிடும். ஒலிக்காக அடைத்தால் காற்றும் நின்றுவிடும். இரண்டையும் ஒருசேரத் திருப்தி செய்யும் தடுப்பு மலிவாகக் கிடைக்காது. அதனால்தான் ரயில்வேக்காரர்களைப் போல நாமும் நேரத்தைப் பங்கு போட வேண்டியிருக்கிறது. ஒன்பது மணிக்குத் தையல் இயந்திரம் நிற்கும், தொலைக்காட்சியும் நிற்கும். வாய்விட்டுப் படிக்க வேண்டியதை அக்கா அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பிறகு மனத்துக்குள் படிப்பதும் எழுதுவதும்தான்.

விளக்கின் சிக்கல் எளிதானது

விளக்கு விஷயத்தில் பௌதிகம் நம் பக்கம் நிற்கிறது. ஒளியின் செறிவு, தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று படித்திருப்பீர்கள். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று சுமார் 900 லூமென் ஒளி தருகிறது. அது எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதாகக் கொண்டால், 2 மீட்டர் கீழே இருக்கும் மேசையில் நேராக விழுவது சுமார் 18 லக்ஸ். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேரும். என்றாலும் படிப்பதற்கு வேண்டிய 300 லக்ஸுக்கு அது வெகு தூரம். அதே பல்பை அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால்? தூரம் நான்கில் ஒன்று. செறிவு பதினாறு மடங்கு. 288 லக்ஸ்!

இன்னும் ஒரு படி போகலாம். 5 வாட் பல்புக்கு உட்புறம் வெள்ளை பூசிய ஒரு கூம்புக் கவசம் மாட்டுங்கள். மேலே வீணாகப் போகும் ஒளியையும் கவசம் கீழே திருப்பிவிடுவதால், அந்தச் சிறிய பல்பே புத்தகத்தின்மேல் ஏறக்குறைய 300 லக்ஸ் தரும். தாத்தாவின் முகத்தில் விழுவதோ நிழல். மின்கட்டணமும் குறைகிறது. சுவர் செய்ய வேண்டிய வேலையில் பாதியை ஒரு தகரக் கூம்பு செய்துவிட்டது!

மடக்கு மேசையும் சங்கிலியும்

அக்காவுக்கு ஒரு மேசை வேண்டும். ஆனால் இரவில் பாய் விரிக்கும் இடத்தில் மேசை நிற்கக் கூடாது. சுவரில் கீல் வைத்து மடிக்கும் பலகை பொருத்தமானது. 3 அடி நீளம், 2 அடி அகலம் கொண்ட முக்கால் அங்குல ஒட்டுப்பலகையின் எடை ஆறரை கிலோ இருக்கும். அதை எப்படித் தாங்குவது? ரயில் படுக்கையைப் போல முன் ஓரத்தில் இரண்டு சங்கிலிகள் மாட்டலாம்.

இங்கே ஒரு சிறு சோதனை. ஒரு லிட்டர் தண்ணீர் நிரம்பிய பாட்டிலை ஒரு கயிற்றின் நடுவில் கட்டுங்கள். கயிற்றின் இரு முனைகளையும் நீங்களும் உங்கள் நண்பரும் பிடித்துக்கொள்ளுங்கள். இருவரும் அருகருகே நின்றால் பாட்டில் லேசாக இருக்கும். மெல்ல விலகிச் செல்லுங்கள். கயிறு கிடைமட்டத்தை நெருங்க நெருங்கக் கை வலிக்க ஆரம்பிக்கும். பாட்டில் அதே பாட்டில்தான்! கயிறு சரிவாக இருக்கும்போது, அதன் இழுவிசையில் ஒரு சிறு கூறுதான் மேல்நோக்கி உதவுகிறது. மீதி பக்கவாட்டில் இழுக்கிறது.

மேசைச் சங்கிலியிலும் இதுவே நடக்கிறது. தம்பி முன் ஓரத்தில் 40 கிலோ அளவுக்குச் சாய்ந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். பலகையின் எடை கீலிலிருந்து 30 செ.மீ. தூரத்திலும், அவன் எடை 60 செ.மீ. தூரத்திலும் அழுத்துகின்றன. திருப்புத்திறன்களைக் கூட்டினால், முன் ஓரத்தைத் தாங்க மேல்நோக்கி 43 கிலோ விசை வேண்டும். சங்கிலி 45 பாகைச் சரிவில் இருந்தால், அதன் மேல் முனை சுவரைப் பிய்த்து இழுக்கும் விசையும் அதே 43 கிலோ. இடமில்லை என்று ஆணியைக் கீழே இறக்கி 30 பாகையாக்கினால் அந்த இழுப்பு 75 கிலோவாகிவிடும்! பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் அடித்த மரக்கட்டை அதற்கு நிற்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. சங்கிலிக்குப் பதில் மடக்கிக்கொள்ளும் ஒரு காலை முன் ஓரத்தில் வைத்துவிடுங்கள். 43 கிலோவையும் தரை வாங்கிக்கொள்ளும். சுவருக்கு வேலையே இல்லை.

படுக்கையையே சுவருக்குள் மடக்கியவரும் உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் வில்லியம் மர்ஃபி என்பவர் 1910-களில் இத்தகைய கட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். கட்டிலின் எடையைச் சுருள்வில்கள் சமன் செய்துவிடுவதால் ஒருவரே எளிதில் தூக்கி நிறுத்தலாம். அண்மைக் காலத்தில் இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஹாங்காங்கின் கேரி சாங். கட்டடக் கலைஞரான இவர், தம் பெற்றோருடனும் மூன்று சகோதரிகளுடனும் வளர்ந்த 32 சதுர மீட்டர் வீட்டை, பிற்காலத்தில் தாம் மட்டும் வசித்தபோது பலமுறை மாற்றியமைத்தார். 2007-இல் செய்த மாற்றத்தில் சுவர்களைக் கூரைத் தடங்களிலிருந்து தொங்கவிட்டார். ஒரு சுவரை நகர்த்தினால் சமையலறை. இன்னொன்றை நகர்த்தினால் நூலகம். குளியல் தொட்டிக்கு மேலே கட்டில் இறங்கும். மொத்தம் 24 விதமான அமைப்புகள்!

வியப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஒருவர் வாழும் வீடு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேறு வேறு அறை கேட்டால் சுவர் யார் பேச்சைக் கேட்கும்? இன்னொன்றையும் கவனியுங்கள். ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாயைச் சுருட்ட அரை நிமிடம். மடக்கு மேசையை இறக்கச் சில விநாடிகள். ஆனால் மூன்று திண்டுகளை எடுத்து, இரண்டு கொக்கிகளைக் கழற்றி, எதிரே உள்ள நாற்காலியை நகர்த்திய பிறகே விரியும் சோபா-படுக்கை ஒன்று வீட்டுக்கு வந்தால், முதல் வாரம் தினமும் மடிப்பார்கள். இரண்டாம் வாரம் விருந்தினர் வந்தால் மடிப்பார்கள். பிறகு அது வெறும் கட்டில்தான்.

அப்படியானால் சேர்த்து வைத்த பணத்தை எதில் போடலாம்? என்னைக் கேட்டால், தெருப் பக்க ஜன்னலுக்கு எதிரே, பின்சுவரில் 8 சதுர அடியில் இன்னொரு ஜன்னல் என்பேன். 12-உம் 8-உம் சேர்ந்து 20 ஆகிவிடும். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். சுவரை வெட்டும்போது மேலே முறையான லின்டல் வைக்க வேண்டும். அதற்கும் பொறியாளரின் யோசனை வேண்டும். பிறகு அக்காவின் மூலைக்கும் தாத்தாவின் படுக்கைக்கும் நடுவே நாலரை அடி உயரத்தில் ஒரு புத்தக அலமாரி. சாய்ந்துவிடாமல் அதன் ஒரு முனையைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். புத்தகங்களோடு சேர்த்து 100, 150 கிலோ வரலாம். இரண்டு டன்னுக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. அதற்கு மேல் ஐந்தரை அடி திறந்திருப்பதால் காற்றும் மின்விசிறியும் தடைபடா.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு திட்டம் போட வேண்டுமானால் கட்டக் காகிதம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் அறையை வரையுங்கள். கதவின் கால் வட்டத்தைக் கவராயத்தால் போடுங்கள். பாய், மேசை, பீரோ, தையல் இயந்திரம் ஆகியவற்றை அதே அளவில் அட்டையில் வெட்டி, காகிதத்தின்மேல் நகர்த்திப் பாருங்கள். ஒருவர் நடந்து போக இரண்டு அடியாவது விடுங்கள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்க இரண்டரை அடி. இன்னொரு தாளில் காலை ஐந்து மணி முதல் இரவு பதினொரு மணி வரை மணிக்கு ஒரு கட்டம். யாருக்கு எப்போது வெளிச்சம் வேண்டும், யாருக்கு எப்போது அமைதி வேண்டும் என்று வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் கேட்டு நிரப்புங்கள். தாத்தாவை முதலில் கேளுங்கள். கேட்காவிட்டால் அவர் தாமாகச் சொல்ல மாட்டார். எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள். பொதுத்தேர்வு முடிந்ததும் பாதிக் கட்டங்களை அழிக்க வேண்டியிருக்கும்.